உத்தரத்தில் ஒரு பெயர்

பிரேமன்,
12 ஜனவரி 1964

அன்புத் தங்கை ஆக்னெஸுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் கெர்டாவும் சுகம். உன் முழங்கால் வலி குளிருக்கு அதிகமாகியிருக்குமே என்று கவலை. நீ கொடுத்தனுப்பிய பன்றித்தொடை வற்றலும் கறுப்பு ரொட்டியும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கெர்டா ஒரு நாளைக்கு இரண்டு துண்டுக்கு மேல் எனக்குத் தருவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்துவிட்டேன். மனதிலேயே கிடந்து அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். பண்டிகைக்கு மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போனேன் அல்லவா? கல்லாவில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ஹோலன்பிரிங்க் வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளியா?" என்று கேட்டாள். நானே ஹோலன்பிரிங்க் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "சும்மா விளையாடாதீங்க, எங்க ஹோலன்பிரிங்க்கை எனக்குத் தெரியாதா? காலையிலதானே பூசையில பார்த்தேன்" என்றாள். அவள் சொன்னது உன் வீட்டுக்காரரை.

பெர்ன்ஹார்ட் ட்யூன்ஸ் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பெயர் ட்யூன்ஸ். அரசாங்கத் தாளில் ட்யூன்ஸ், உன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ட்யூன்ஸ், நீயே கல்யாணத்தன்றிலிருந்து ட்யூன்ஸ். எல்வர்லோ ஊர் வாயில் மட்டும் அவர் ஏன் ஹோலன்பிரிங்க் ஆகவேண்டும்? எனக்குப் பிள்ளை இல்லை. நான் போனால் அந்தப் பெயரும் போய்விடும். நான் உயிரோடு இருக்கும்போதே அதை இன்னொருவர் மாட்டிக்கொண்டு திரிவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

இடி விழுந்து எரிந்த களஞ்சியத்தை இந்த வருடம் எழுப்பப் போவதாகச் சொன்னாயே. பெரிய வாசலுக்கு மேல் வரும் உத்தரத்தில் என்ன பெயர் செதுக்கப் போகிறீர்கள்? நான் நம் குடும்பப் பெயரின் வரலாற்றை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அது முடியும்வரை தச்சரிடம் எதுவும் சொல்லாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்,
க்ளெமன்ஸ் ஹோலன்பிரிங்க்

*

எல்வர்லோ,
26 ஜனவரி 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நலம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். அண்ணியிடம் சொல், அடுத்த வற்றலை உன் கண்ணில் படாமல் அவளுக்கே அனுப்புகிறேன்.

ரொட்டிக் கடைப் பெண் ஊருக்குப் புதிது. வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, நீ வருவதோ வருடத்துக்கு ஒருமுறை. அவளுக்கு எப்படி உன்னைத் தெரியும்? நம் பக்கத்தில் பண்ணைதான் ஆளுக்குப் பேர் வைக்கும், ஆள் பண்ணைக்கு வைப்பதில்லை. இது உனக்குத் தெரியாததா? எந்த அடுப்பில் சோறு பொங்குகிறதோ அந்தப் பேர். சட்டம் போட்டு அதை நிறுத்தி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஜனங்களின் வாயை யார் நிறுத்துவது? அவர் யாரிடமும் அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கேட்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

உத்தரத்துக்குக் குளத்தோரத்துக் கருவாலி மரத்தைப் போன வாரம் வெட்டினோம். இந்தப் பக்கத்து வழக்கப்படி எழுப்புகிற தம்பதியின் பெயர், புருஷன் பெயரும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும். பெர்ன்ஹார்ட் ட்யூன்ஸ், ஆக்னெஸ் ஹோலன்பிரிங்க். உன் பெயர் அதில் என் பங்காக வந்துவிடுகிறதே, போதாதா? செப்டம்பர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை கூரைச் சட்டம் ஏற்றுகிறோம். எழுத்தை ஜூலை முடிவதற்குள் கொடுக்கச் சொல்கிறார் தச்சர் என்ஸலிங்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நம் ஊரில் கடைசிப் பிள்ளைக்குத்தான் பண்ணை. அப்படியும் அப்பா உன்னைத்தான் முதலில் கேட்டார். "எனக்கு மாடும் வேணாம், சாணியும் வேணாம், புஸ்தகம் போதும்"னு சொல்லி நோட்டரி முன்னால் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவன் நீ.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
ஆக்னெஸ்

*

பிரேமன்,
20 பிப்ரவரி 1964

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்குச் சற்று ஜலதோஷம். ஆனால் இன்று அதைப் பொருட்படுத்தும் நிலையில் நான் இல்லை. காரணத்தைக் கேள்.

பங்குச் சாமியாருக்கு எழுதியிருந்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பதிவு முழுவதையும் படியெடுத்து அனுப்பியிருக்கிறார். 1659 முதல் நான் பிறந்த வருடம்வரை ஒன்பது தலைமுறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பன் பெயர் ஹோலன்பிரிங்க். ஒரு கண்ணிகூட அறவில்லை. மற்றப் பண்ணைகளில் மருமகன் வந்து பெயர் மாட்டிக்கொண்டது உண்டு. மில்லுக்காரர்கள் வீட்டில் உண்டு, ட்யூன்ஸ் வீட்டிலும் இருந்திருக்கும். நம் வீட்டில் ஒருபோதும் இல்லை. நாம் அப்பனுக்குப் பிள்ளையாக வந்த ஹோலன்பிரிங்க்.

பெயரின் பொருளையும் ஆராய்ந்தேன். பிரிங்க் என்றால் மேடு. ஹோலன் என்பதற்கு மறைவான, காவலுள்ள என்று கொள்ளலாம். பழைய காலத்தில் அந்த மேட்டில் காவற்படை வீரன் ஒருவன் குடியமர்த்தப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆகவே என் கோரிக்கை இது. உத்தரத்தில் 'ஹோலன்பிரிங்க் 1964' என்று மட்டும் செதுக்குங்கள். ட்யூன்ஸ் என்ற சொல் அதில் வரக்கூடாது. வந்தால் செப்டம்பரில் நான் வரமாட்டேன். கல்யாணம் செய்துகொண்டதால் பண்ணை கிடைக்கலாம், முன்னூறு வருடம் கிடைக்குமா?

பிள்ளைகளுக்கு அன்பு.

க்ளெமன்ஸ் ஹோலன்பிரிங்க்

*

எல்வர்லோ,
8 மார்ச் 1964

அன்புள்ள அண்ணா,

ஜலதோஷத்துக்கு எல்டர்பெர்ரிச் சாற்றைச் சூடாகக் குடி. இங்கே நலம். ஒரு பசு கன்று போட்டிருக்கிறது.

உன் காவல் வீரனைப் பற்றி வாசித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிரிங்க் எங்கே இருக்கிறது என்று உனக்கு மறந்தேபோய்விட்டதா? பன்றித் தொழுவத்துக்குப் பின்னால், வாத்துகள் மேயுமே அந்தச் சரிவு. ஹோலன் என்றால் பள்ளம். மழை பெய்தால் அங்கே முழங்கால் அளவு சேறு. நீ ஏழு வயதில் ஒரு செருப்பை அங்கே விட்டுவிட்டு அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? உன் வீரன் அங்கே நின்று யாரைக் காவல் காத்தான், வாத்துகளையா?

உன் கோரிக்கையை அவரிடம் சொன்னேன். சண்டை வரும், நடுவில் நான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் புகைக்குழாயில் புகையிலையை அழுத்திக்கொண்டே, "அவர் சொல்றபடியே செதுக்கிடலாம். உத்தரம் கூரையைத் தாங்கினா சரி" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. முப்பது வருடமாக அந்த மண்ணில் முதுகு ஒடிகிறவர் அவர்.

ஒரு சந்தேகம் அண்ணா. நீ பார்த்தது ஞானஸ்நானப் பதிவேடு மட்டும்தானே? கல்யாணப் பதிவேடு பார்த்தாயா? பெற்ற பிள்ளைக்கு எப்படியும் பண்ணையின் பேர்தான் விழும். அந்த வீட்டுக்குள் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது கல்யாணத்தில்தானே தெரியும்?

இன்னொன்று. நீ எழுதுகிற வரலாற்றில் இதையும் சேர்த்துக்கொள். அப்பா கடைசி வாரம் படுத்திருந்தபோது, "ஹோலன்பிரிங்க், மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டார். நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கதவருகில் நின்ற அவர்தான், "காட்டியாச்சு மாமா" என்றார்.

தங்கை,
ஆக்னெஸ்

*

பிரேமன்,
15 மார்ச் 1964

ஆக்னெஸுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

அப்பா அப்படிக் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. நீ நினைவூட்ட வேண்டியதில்லை. எட்டு வருடமாக அது என் காதை விட்டுப் போகவில்லை.

உன் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிறாராம். தன்னுடையதைத்தான் ஒருவன் விட்டுக்கொடுக்க முடியும். என்னுடையதை எனக்கே தானமாகத் தருவதற்கு அவர் யார்? எனக்கு அவர் தயவு வேண்டாம், சான்று போதும். கல்யாணப் பதிவேட்டின் படியையும் கேட்டுச் சாமியாருக்கு இன்றே எழுதுகிறேன். அது வந்ததும் உன் சந்தேகம் தீரும்.

க்ளெமன்ஸ் ஹோலன்பிரிங்க்

*

எல்வர்லோ,
30 ஏப்ரல் 1964

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஈஸ்டருக்கு அண்ணி கையெழுத்தில் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் எழுதியதில் மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள். அப்பா பேச்சை எடுத்திருக்கக் கூடாது.

இங்கே நலம். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. சாமியார் வீட்டு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் மரியா கோர்ட்மெல்லரைப் பூசை முடிந்து பார்த்தேன். நீ கேட்ட கல்யாணப் பதிவேட்டுப் படி பிரேமனுக்குப் போய்விட்டது என்றாள். என்னவோ சொல்ல வந்து, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். கிடைத்ததா? என்ன இருந்தது அதில்?

தங்கை,
ஆக்னெஸ்

*

பிரேமன்,
24 மே 1964

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பள்ளியில் தேர்வுத் தாள்கள். அதோடு எனக்குப் பித்தப்பையில் தொந்தரவு. விலாவுக்குக் கீழே வலது பக்கம் ஒரு குத்தல், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. வெண்ணெயை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். முட்டையும் கூடாது. வெந்நீர்ப் பை வைத்தால் கொஞ்சம் கேட்கிறது. படம் எடுத்துப் பார்த்ததில் கல் இருக்கலாம் என்றும் இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். கெர்டாவின் உறவுக்காரர் ஒருவருக்கும் இப்படித்தான் இருந்து, முள்ளங்கிச் சாறு குடித்துக் குணமாயிற்றாம். நானும் ஆரம்பித்திருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை.

இங்கே தோட்டத்தில் ருபார்ப் செடி நன்றாக வந்திருக்கிறது. பெந்தகோஸ்தே அன்று மழை. அங்கே வைக்கோற்புல் அறுத்தாயிற்றா?

குடும்ப வரலாற்று வேலையைச் சற்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நேரமில்லை. உத்தரத்தில் மட்டும் நான் முன்பு சொன்னபடியே.

அன்புடன்,
க்ளெமன்ஸ்

*

எல்வர்லோ,
14 ஜூன் 1964

அன்புள்ள அண்ணா,

உன் பித்தப்பை சீக்கிரம் சரியாக மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே யாருக்கும் குறையில்லை, என் முழங்காலைத் தவிர.

பித்தப்பைக்கு ஒரு பக்கம், ருபார்புக்கு ஒரு வரி, மழைக்கு ஒரு வரி. கல்யாணப் பதிவேட்டுக்கு அரை வரிகூட இல்லை. நீ சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்பாவிடம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாயே, அந்தக் குரல் இந்தக் கடிதத்தில் கேட்டது. என்ன உடைந்தது அண்ணா? கையெழுத்திலும் இந்த முறை வெறும் க்ளெமன்ஸ்தான். ஹோலன்பிரிங்க் எங்கே போனார்?

நீ சொல்லாவிட்டால் போகட்டும். இங்கேயும் ஒருவர் வாய் திறப்பதில்லை. எரிந்து போன பழைய உத்தரத்தின் மிச்சத்தை இவர் வண்டிக் கொட்டகையில் எடுத்து வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் போய் அதன் மேல் உட்கார்ந்து புகைபிடிக்கிறார். என்ன என்று கேட்டால், "நல்ல கட்டை. உள்ளே வேகவே இல்லை" என்கிறார். ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே இப்படித்தான்.

என்ஸலிங் எழுத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் முடிவில் மாற்றம் உண்டா?

தங்கை,
ஆக்னெஸ்

*

பிரேமன்,
28 ஜூலை 1964

ஆக்னெஸுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடல்நிலை பரவாயில்லை. அனைவருக்கும் என் அன்பு.

மாற்றம் இல்லை. 'ஹோலன்பிரிங்க் 1964'. செப்டம்பரில் வர முடியுமா என்று தெரியவில்லை.

க்ளெமன்ஸ்

*

எல்வர்லோ,
16 ஆகஸ்ட் 1964

அண்ணாவுக்கு,

இந்த முறை நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பது போதும், அதை அறிய எனக்கு இப்போது ஆவல் இல்லை.

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள். மந்திரிக்க மூலிகைக் கட்டோடு கோயிலுக்குப் போயிருந்தேன். மரியா கோர்ட்மெல்லர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மார்ச் மாதம் சாமியார் அவளிடம், "இதை ஹோலன்பிரிங்க் கேட்டிருக்கார், அனுப்பிவிடு" என்று சொல்லியிருக்கிறார். அவள் இந்த ஊர்க்காரி. அவளுக்குத் தெரிந்து ஹோலன்பிரிங்க் ஒருவர்தான். உறையில் 'திரு. ஹோலன்பிரிங்க், எல்வர்லோ' என்று எழுதிவிட்டாள். தபால்காரரும் யோசிக்காமல் நேரே நம் வாசலில் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் பிரித்துப் படித்திருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, அவளிடமே எடுத்துப்போய், "இது பிரேமன்ல இருக்கிற என் மச்சானுக்கு வந்தது. நான் பார்த்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். மெல்லச் சொன்னார். நீ ஏப்ரலிலேயே படித்ததைத்தான் சொன்னார். ஆனாலும் நான் எழுதுகிறேன், நீ ஒருமுறை என் கையெழுத்திலும் படி.

1781-இல் நம் பண்ணையின் கடைசிப் பிள்ளை அன்னா ஹோலன்பிரிங்க். பண்ணை அவளுக்கு வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு மில்லிலிருந்து வந்தவர் கெர்ட் வெஸல். அன்றிலிருந்து அவர் 'வெஸல் என்கிற ஹோலன்பிரிங்க்'. நாம் அவர் வழி. அன்னாவின் அண்ணன் யூர்கன் ஹோலன்பிரிங்க் அதே வருடம் ட்யூன்ஸ் பண்ணைக்கு மருமகனாகப் போனார். 'ஹோலன்பிரிங்க் என்கிற ட்யூன்ஸ்'. என் வீட்டுக்காரர் அப்பனுக்குப் பிள்ளையாக அந்த யூர்கன் வழி.

அப்பன் வழிதான் கணக்கு என்று சொன்னவன் நீ. அந்தக் கணக்குப்படி நீயும் நானும் மில்லுக்காரர் வீட்டு வெஸல். ஹோலன்பிரிங்க் அவர். இது தெரிந்த பிறகும், மாற்றம் இல்லை என்று ஜூலையில் இரண்டு வரி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அவரிடமும் கத்தினேன். ஏன் நாலைந்து மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள், ஏன் உங்கள் பெயரே இல்லாமல் செதுக்கச் சொன்னீர்கள் என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எதுக்குச் சொல்லணும்? எனக்கு நீ இருக்கே, புள்ளைங்க இருக்கு, மண்ணு இருக்கு. மாமா கடைசியில கூப்பிட்டதும் என்னைத்தான். உங்க அண்ணனுக்குன்னு இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

என்ஸலிங் செதுக்கி முடித்துவிட்டார், நீ கேட்டபடியே. ஐந்தாம் தேதி ஏற்றுகிறோம். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஆக்னெஸ்

*

பிரேமன்,
22 ஆகஸ்ட் 1964

பெறுநர்:
திரு. ஹோலன்பிரிங்க்,
ஹோலன்பிரிங்க் பண்ணை,
எல்வர்லோ.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் ஆக்னெஸும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பதினைந்து வருடமாக எல்லாவற்றையும் தங்கை வழியாகவே சொல்லிவந்தேன். உறையில் உங்கள் பெயரை நான்தான் எழுதினேன், தவறுதலாக அல்ல. தபால்காரருக்குச் சிரமம் இருக்காது.

பித்தப்பையில் எனக்கு ஒன்றுமில்லை. கல்லும் இல்லை. வயிற்றெரிச்சல்தான், அது படத்தில் விழாது.

ஏப்ரல் பதினேழாம் தேதி அந்தத் தாள் வந்தது. மூன்று முறை படித்தேன். கெர்டாவிடம்கூடக் காட்டாமல் லத்தீன் அகராதிக்குள் வைத்து மூடினேன். பெயரைப் பறிகொடுத்தது வலித்தது உண்மை. அதைவிட, அது போய்ச் சேர்ந்த இடம் நீங்களாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது. நீங்கள் பத்தொன்பது வயதில் எங்கள் பண்ணைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு உங்கள் மேல் பொறாமை. கலப்பையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அப்பா எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். உங்களுக்கு ஒருமுறைதான் சொன்னார், சொல்லும்போது உங்கள் தோளில் கை வைத்திருந்தார். மாடும் சாணியும் வேண்டாம் என்று நான் சொன்னது புத்தகத்தின் மேலிருந்த ஆசையால் மட்டும் இல்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை.

யூர்கன் என்ற அந்த அண்ணனை நினைத்துப் பார்க்கிறேன். தங்கைக்குப் பண்ணை என்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு வயல் தள்ளிப் போய், வேறு பெயரில் பிழைத்திருக்கிறான். அவனும் எரிந்திருப்பானோ என்னவோ, பதிவேட்டில் அதெல்லாம் எழுதுவதில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஆக்னெஸின் கடிதத்தைப் படித்தபின் கூடித்தான் இருக்கிறது. ஒரே தாளை இரண்டு பேரும் படித்தோம், இரண்டு பேரும் மறைத்தோம். நான் எனக்காக மறைத்தேன். நீங்களும் எனக்காகவே மறைத்தீர்கள். இதிலும் என்னை முந்திவிட்டீர்கள்.

தச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். செதுக்கியதை அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கும். 'பெர்ன்ஹார்ட் ட்யூன்ஸ், ஆக்னெஸ் ஹோலன்பிரிங்க்' என்று ஊர் வழக்கப்படி சேர்க்கட்டும். நேரம் போதவில்லை என்றால் உத்தரம் ஏறிய பிறகு ஏணி போட்டுச் செதுக்கலாம். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், அதற்குக் கலப்பைப் பயிற்சி வேண்டாம் அல்லவா?

நான்காம் தேதி பிற்பகல் வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம், நடந்தே வருவேன். வழியில் ரொட்டிக் கடையில் ஒரு கறுப்பு ரொட்டி வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண் இந்த முறையும் கேட்டால், ஆமாம், ஹோலன்பிரிங்க் வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளி என்று சொல்லிக்கொள்வேன்.

உங்கள் மச்சான்,
க்ளெமன்ஸ்